கணக்கு அறையைப் பூட்ட வேண்டாம்

மேடையில் இருக்கும் நூலகச் செயலாளர் ஐயா அவர்களே, டீச்சர் வேலை பார்த்த பள்ளியின் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டீச்சரின் கணவரான தம்பி அவர்களே, அவர் பெற்ற மகளே, கணக்கு அறைப் பிள்ளைகளே, அந்தப் பிள்ளைகளை இங்கே அனுப்பிவைத்த பெற்றோர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த நூலகத்தின் கதவைத் திறப்பதும் சாத்துவதும் என் வேலை. எழுத்து தெரியாத ஆளை எதற்கு நூலகத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம், "புத்தகத்தைத் தூக்கிட்டு ஓட மாட்டாருல்ல!" என்று எனக்காகப் பதில் சொன்னவர் டீச்சர். அவருக்காக இன்று நான் பேச வேண்டியிருக்கிறதே! இது என்ன நியாயம்?

செவ்வாய்க்கிழமை மாலை பின்பக்க அறையில் விளக்கை அணைத்துவிட்டு வந்தார். "அண்ணே, ஞாயித்துக்கிழமை கணக்குப் போட்டி. பிள்ளைங்க சீக்கிரமே வருவாங்க. நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே திறந்து வைங்க" என்றார். திறந்து வைத்தேன். டீச்சர் வரவில்லை. போன்தான் வந்தது. பேசியது அவர் கணவர், பஸ் ஓட்டுகிற தம்பி. "அண்ணே, எழுப்புறேன், எழுப்புறேன், எந்திரிக்க மாட்டேங்குறா" என்றார். என்ன பேச்சு அது! காதில் வைத்த போனை எடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன். இந்த நிமிடமும் அங்கேயேதான் நிற்கிறேன்.

யார் இந்த டீச்சர்? பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘ஏன் டீச்சர்’. விடை சரியா என்று கேட்டால் சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். "ஏன்?" என்பார். குழாய் ஒழுகுகிறது என்று நான் போய்ச் சொன்னாலும் "ஏன்?" என்பார்!

பள்ளிப் பாடம் போதாமல் கணக்குப் பசியோடு அலைகிற பிள்ளைகளுக்காக, உடைந்த நாற்காலிகள் கிடந்த அந்தப் பின்பக்க அறையைக் கேட்டு வாங்கினார். எங்கெங்கோ நடந்த போட்டிகளின் பழைய கேள்வித்தாள்களைச் சேர்த்தார். அட்டையை மடித்து வடிவங்கள் செய்தார். செருப்பு வந்த பெட்டிகளில் கேள்வி அட்டைகளை அடுக்கினார். பச்சை மூடி போட்டது எளிது, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு முரடு. "சிவப்பைத் திறக்க யாரையும் கேக்க வேண்டாம். தோத்துட்டுச் சிரிக்கத் தெரிஞ்சா போதும்" என்பார்.

வாரம் ஒரு தாளைச் சுவரில் ஒட்டுவார். அதில் ஒரு கேள்வியை வேண்டுமென்றே தப்பாக வைப்பார். எது என்று சொல்ல மாட்டார். எதற்கம்மா இந்த வம்பு என்று கேட்டேன். "அச்சுல வந்துட்டா அப்படியே நம்பிடுறாங்கண்ணே. கேள்வியையும் ஒரு தடவை சந்தேகப்படட்டும்" என்றார்.

அந்த வம்பு ஒருநாள் வாசலுக்கே வந்தது. வெல்டிங் பட்டறைக்காரர், அதோ தூண் ஓரம் நிற்கிறாரே, அவர்தான், மகளை இழுத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், இவ சோறு தண்ணி இல்லாம ஒரே கணக்கைக் கட்டிக்கிட்டு அழுதா. கடைசியில கணக்கே தப்புங்குறா! விளையாடுறீங்களா?"

"ஏன் தப்புன்னு அவகிட்டக் கேட்டீங்களா?"

"எனக்கென்னங்க தெரியும் அதெல்லாம்!"

மகள் சொன்னாள்: "அப்பா, பதினஞ்சு பேரு. ஒவ்வொருத்தரும் சரியா மூணு பேருக்குக் கை கொடுக்கணும். நடக்கவே நடக்காது. ஒரு தடவை கை கொடுத்தா ரெண்டு பேர் கணக்குல ஏறும். அப்போ மொத்தம் ரெட்டைப்படையா வரணும். பதினஞ்சு மூணு நாப்பத்தஞ்சு, ஒத்தைப்படை."

"நடக்காதா? நான் நடத்திக் காட்டுறேன் பாரு!"

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களையெல்லாம் எழுப்பிவிட்டார். தபால்காரரைப் பிடித்தார். என்னைப் பிடித்தார். செயலாளர் ஐயாவையும் விடவில்லை. பதினைந்து பேரும் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இளித்துக்கொண்டு கை கொடுத்தோம். கடைசியில் ஐயா மட்டும் நீட்டிய கையோடு நின்றார். மறுபடியும் முதலிலிருந்து செய்தோம். இந்த முறை தபால்காரர் நின்றார். பட்டறைக்காரர் மகளைப் பார்த்தார். "அடிப்பாவி, நெசந்தான்டி!" என்றார். இன்று கேள்விப் பெட்டிகளைத் தாங்கி நிற்கிற இரும்பு அலமாரி, அதற்கப்புறம் அவர் அடித்துக் கொடுத்ததுதான்.

அப்படிப்பட்ட டீச்சர் இல்லை என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வேன்? புதன்கிழமை அறை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். சொன்னேன். ஒருவரும் அழவில்லை. என்னை விசாரித்தார்கள்!

"யாரு தாத்தா சொன்னது?"

"அவங்க வீட்டுக்காரர்."

"டாக்டர் பாத்தாரா?"

"தெரியலம்மா."

"நேத்து இதே இடத்துல நின்னு சிரிச்சாங்க. நடுவுல என்ன ஆச்சுன்னு நீங்க சொல்லவே இல்லையே. அப்போ இதை எப்படி ஒத்துக்கிறது?"

கேள்வியைச் சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்தவரின் சாவையே சந்தேகப்பட்டார்கள்! நானும் சந்தேகப்பட்டேன். பிள்ளைகள் சொல்வதுதான் சரியாக இருக்கட்டுமே என்று அவர்கள் பின்னாலேயே டீச்சர் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் மகள் நின்ற கோலத்தைப் பார்த்ததும் யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தார்கள். வீட்டுக்குப் போகவில்லை. அறைக்கு வந்து சுவரில் இருந்த தாளின் கீழே உட்கார்ந்து அழுதார்கள். அழுதுகொண்டே கணக்குப் போட்டார்கள்.

செயலாளர் ஐயா, நேற்று நீங்கள் என்னிடம் சொன்னதை இங்கே சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. "டீச்சரே போயிட்டாங்க, இனி யாரு நடத்துறது? பெட்டியெல்லாம் கட்டி மாடியில போட்டுட்டு அறையைப் பூட்டிடுங்க" என்றீர்கள். யார் நடத்துவது? கேளுங்கள். பட்டறைக்காரர் மகள் இன்று கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். வாரம் தவறாமல் தாள் ஒட்டுகிறேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு வண்டி? டீச்சரின் கணவர் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ போறதாச் சொன்ன வண்டி நிக்கக் கூடாதுண்ணே. நானே ஓட்டுறேன்" என்றார். கதவைத் திறக்க நான் இருக்கிறேன். இன்னும் என்ன ஐயா வேண்டும்?

தனியாகக் கேட்டால் கமிட்டி, கூட்டம் என்று தள்ளிப்போடுவீர்கள். அதனால்தான் இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். அறை திறந்திருக்கலாமா? வாயால் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். நான் கிழவன், எனக்கு அவசரம் இல்லை. ஆட்டும்வரை இந்த மைக்கை விட மாட்டேன்.

ஆட்டிவிட்டார்! எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா? தம்பி, நீங்களும் பார்த்தீர்களா?

பிள்ளைகளே, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். நாளை மாலை வாருங்கள். சிவப்புப் பெட்டிகளை நானே இறக்கி வைக்கிறேன்.