மிக்ஸியில் வந்த ஓம்

சாமி காரியத்தைக் கேலி செய்ததாகிவிடுமோ என்று பயந்து, சில வருடங்களாக இதை எழுதாமலே இருந்தேன். மந்தைவெளியில் ரயில் ஏறியபோது, எதிரில் உட்கார்ந்திருந்த இரண்டு இளைஞர்கள் பேசிக்கொண்டது இது. ஒருவன் கம்ப்யூட்டரில் இசை செய்கிறவன்.

"எங்கம்மா என் மியூசிக் டிராக்குக்கு கற்பூரம் காட்டுதுடா."

"இன்னாது?"

"என் பேர்ல ரிலீஸ் பண்ணேன், ஒருத்தனும் கேக்கல. நீகூட கேக்கல. அதையே ஸ்லோ பண்ணி, தியான இசைன்னு, இல்லாத ஒரு சாமியார் பேர்ல போட்டேன். சும்மா பிச்சிக்கினு போவுது. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவுக்கே அனுப்பிடுச்சு."

"நல்லதுதானே மச்சி?"

"அதுல வர்ற ஓம் எங்க வீட்டு மிக்ஸிடா. அம்மா சட்னி அரைக்கும்போது ரெக்கார்ட் பண்ணது."

நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "சொல்லிடேன்."

"எப்படிடா? அதைக் கேட்டாத்தான் மனசு அடங்குதாம். இன்னிக்கு பட்டுப்புடவை கட்டிக்கினு நிக்குது. அந்த சாமி எங்க கீறாரு, கால்ல விழணும், கூட்டிக்கினு போன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"மௌன விரதத்துல கீறாருன்னேன்."

சொன்னவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். திருவான்மியூர் வரை நிமிரவில்லை.

இதை யாருக்காவது சொல்வீர்களானால், அவனை மோசக்காரன் ஆக்காமலும், அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டான் என்று சேர்க்காமலும், நான் கேட்டபடியே சொல்லுங்கள். கபாலீஸ்வரர் பேரால் கேட்டுக்கொள்கிறேன்.