சைரன் என்ற பெயர்

உங்கள் ஸ்டேஷனில் இருக்கும் இந்த நாற்காலி என் ஆபீஸ் நாற்காலியை விட நன்றாக இருக்கிறது, சார். முதுகு வலிக்கவில்லை. நிதானமாகவே சொல்கிறேன்.

குளிர்பதனக் கிடங்கில் வாயு கசிந்தால் சைரன் ஊத வேண்டும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது; உள்ளே இருப்பவர்களுக்குச் சைரனை விட்டால் வேறு கதியில்லை. அதற்கான புரோகிராமை எழுதியது நான். கசிவு தெரிந்ததும் சென்சார் ‘சைரன்’ என்ற பெயரை மட்டும் அனுப்பும். அந்தப் பெயரில் என்ன வேலை இருக்கிறது என்று புரோகிராம் அந்த நொடியில்தான் தேடிப் பிடித்துச் செய்யும். நான் எழுதிய மொழியில் அப்படித்தான். அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வேலையை மாற்றிவிடலாம். கோப்பைத் திறந்து பார்த்தால் எல்லாம் பழையபடியே இருக்கும்.

மேனேஜர் என் தங்கையின் புருஷன். என்னைவிட ஆறு வயது சின்னவன். மாதாமாதம் சைரனைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போடுவான். ஒரு தடவைகூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் பதிவில் ‘ஊதியது’ என்று ஒரு வரி இருந்தால் அவனுக்குப் போதும். இதை மீட்டிங்கில் சொன்னேன். எல்லோர் முன்னாலும் சிரித்தான்.

“மச்சானுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவர் தங்கச்சி அழுதாளேன்னு வேலைக்கு வெச்சிருக்கேன்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அன்று மதியமே மாற்றினேன். ‘சைரன்’ என்ற பெயர் வந்தால் இனி ஊதாது. ‘ஊதியது’ என்று எழுதி மட்டும் வைக்கும். மாதக் கடைசியில் மாப்பிள்ளை வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார். மனசு குளிர்ந்தது.

பேக்கிங் அக்கா மட்டும் கிடங்குக்குள் போகும்முன் தினமும் என் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்.

“சைரன் நல்லா இருக்கா தம்பி?”

“இருக்குக்கா. தைரியமா போங்க.”

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு என் திரையில் முதல் ‘ஊதியது’ வந்தது. உள்ளே அக்காவும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். அரை நிமிஷத்துக்கு ஒரு வரி, மொத்தம் பதினொன்று. எல்லாவற்றையும் படித்தேன். பழைய வேலையைத் திரும்ப மாட்ட ஒரே கட்டளை போதும். அதை டைப் அடித்தும் வைத்திருந்தேன். எண்டரைத் தட்டவில்லை.

கதவைத் திறந்தபோது மூன்று பேரும் வாசலருகே கிடந்தார்களாம். அக்காவின் கை கைப்பிடியில் இருந்ததாம். பாவம்தான்.

ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், சார். நான் எண்டரைத் தட்டியிருந்தால், அவன் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவன் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?