பல்லு தெரியட்டும்

மனித நாகரிகம் எட்டிய உச்சம் நம்பிக்கைதான். ஒருத்தி அந்தரத்தில் சுழல்கிறாள்; கீழே நான்கு பேர் கை நீட்டி நிற்கிறார்கள்; அவர்களை அவள் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. தேவாலயத்திலும் இப்படியொரு விசுவாசத்தைப் பார்க்க முடியாது. எங்கள் கல்லூரியில் இது மல்யுத்தக்காரர்கள் வேண்டாமென்று கழித்த பாயின் மேல் நடந்தது. எவ்வளவு துடைத்தாலும் அதில் காலுறை நாற்றம் போகாது.

காப்பியைக் குடியுங்கள், டிடெக்டிவ் ரூல். ஆறிப்போனால் போலீஸ் ஸ்டேஷன் காப்பியில் பிறகு ஒன்றும் மிஞ்சாது.

மிசௌரியின் இந்த மூலையில் லோர்னா ஹேட்ச் என்ற என் பெயரைச் சொன்னால் சியர்லீடிங், அதாவது ஆட்டங்களில் குட்டிக்கரண வித்தை காட்டிக் கூட்டத்தை உற்சாகப்படுத்தும் கலை. பையனும் பெண்ணும் கலந்த அணி என்னுடையது. பையன்கள் தூக்கி எறிவார்கள், பெண்கள் பறப்பார்கள். பறப்பவள் தரையைத் தொடுமுன் பிடிப்பவன் அவளுக்கடியில் விழுந்திருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் வேதம். எனக்கு வேதத்தைவிட ஒழுங்கு பெரிது. ஆகவே நான் இரண்டு விதிகள் வைத்தேன். என்ன நடந்தாலும் சிரிப்பு மாறக் கூடாது. என் விசில் கேட்டால் கைகள் தொடையில் ஒட்டிவிட வேண்டும்.

ஆரம்பத்தில் கைகள் கேட்காது. கைகளுக்கு இரக்கம் அதிகம். தாமதிக்கும் கையை மெகாஃபோன் விளிம்பால் அடிப்பேன். டாசன் என்ற பையனுக்குச் சுண்டுவிரல் ஒடிந்தது.

"வலிக்குதாடா?"

"இல்ல, கோச்."

"பொய் சொல்லாத."

"உயிர் போகுது, கோச்."

"போகட்டும். பல்லு தெரியட்டும்."

தெரிந்தது. தங்கமான பையன்.

பிரின்லிதான் எங்கள் அணியில் மிக உயரம் பறப்பவள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் என் கதையைச் சொல்வது வழக்கம்: கல்லூரி நாட்களில், தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றில், விலா எலும்பு முறிந்த நிலையில் பறந்தேன், சிரித்தேன். சிலர் அழுவார்கள். பிரின்லியும் அழுதாள். பிறகுதான் அவளுடைய அத்தை நான் படித்த கல்லூரியில், என் வருடத்திலேயே படித்தவள் என்று தெரிந்தது.

அன்று கூடைப்பந்து ஆட்டத்தின் இடைவேளைக்குச் சற்று முன்னால், உடைமாற்றும் அறையில் அவள் போனை நீட்டினாள்.

"கோச், அத்தை பழைய படம் ஒண்ணு அனுப்பியிருக்காங்க. இது நீங்கதானே? ஐயோ, செம கியூட். ஆட்டம் முடிஞ்சதும் எல்லாருக்கும் காட்டப் போறேன்."

"காட்டு, கண்ணு," என்றேன். "லேஸ் அவிழ்ந்திருக்கு பாரு, கட்டிக்கோ."

அவள் கட்டிக்கொண்டாள். கால் தடுக்கி விழுந்துவிடக் கூடாது அல்லவா.

இடைவேளை வித்தையில் அவள் உச்சியில் இருந்தபோது விசில் ஊதினேன். நான்கு பையன்களின் கைகளும் ஒரே சத்தமாகத் தொடையில் பட்டன. இத்தனை வருடத்தில் அப்படியொரு ஒற்றுமையை நான் கேட்டதில்லை. அடுத்த சத்தம் பிரின்லியுடையது. உடம்பு பார்வையாளர்கள் பக்கம் கிடந்தது, முகம் கூடை இருந்த பக்கம் திரும்பியிருந்தது. அந்த முகத்தில் சிரிப்பு மாறவில்லை. இரண்டு பற்கள் மட்டும் தரையில் கிடந்தன. பையன்களும் சிரித்தபடி விறைப்பாக நின்றார்கள். இதுவும் வித்தையில் சேர்த்தி என்று நினைத்து ஜனம் கைதட்டியது. ரத்தம் டாசனின் வெள்ளை ஷூவைத் தொட்ட பிறகுதான் நிறுத்தியது.

விசில் கேட்டதாகப் பையன்கள் சொன்னார்கள். கூடைப்பந்து மைதானத்தில் விசில் கேட்காமல் புல்லாங்குழலா கேட்கும் என்றார் விசாரணைக் குழுத் தலைவர். அந்தக் குழுவில் நானும் இருந்தேன். நானும் சிரித்தேன்.

சென்ற வாரம் டாசன் தன் வீட்டுக் கார் கொட்டகையின் தானியங்கிக் கதவுக்கடியில் இரண்டு கைகளையும் வைத்து, முழங்காலால் ரிமோட் பொத்தானை அழுத்தியிருக்கிறான். திரும்பத் திரும்ப. அவனுடைய அம்மா எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். "உங்க மேல உயிரையே வச்சிருக்கான், கோச்," என்று அழுதாள். பூங்கொத்து அனுப்பினேன்.

நான் வந்தது அதற்காக இல்லை. நேற்று கல்லூரி அறிக்கை வெளியாகியிருக்கிறது. பையன்கள் "போதிய பயிற்சி பெறாதவர்கள்" என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்த வேண்டும். என் பிள்ளைகள் தவறவிடவில்லை. சொன்னதை, சொன்ன கணத்தில் செய்தார்கள். கொன்றது நான். பயிற்சியில் ஒரு குறையும் இல்லை.

"ஒரு போட்டோவுக்காகவா, மேடம்?" என்று கேட்கிறீர்கள். பிரின்லியின் போன் உங்களிடம்தானே இருக்கிறது, பாருங்கள். அதே தேசிய இறுதிச் சுற்று; அந்தரத்தில் பறப்பவள் வேறொருத்தி. அவள் பெயர் எனக்கு மறந்துவிட்டது. வலது ஓரத்தில், நான் படித்த கல்லூரியின் அதிர்ஷ்டச் சின்னமான கெளுத்தி மீன் வேஷத்தில், மீசை வைத்த மீன்தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பது நான்.