எதுல போட்டா நாய் கிடைக்கும்?

– அண்ணி, மேஜைக்குக் கீழயும் இல்ல, துண்டுக் கூடையிலயும் இல்ல. பஞ்சு போயிட்டான்!

– வாயைக் கழுவுடி! போயிட்டான்னு சொல்லாத, காணோம்னு சொல்லு. கதவு திறந்தா இருந்துச்சு?

– ஒருக்களிச்சு சாத்தியிருந்துச்சு. குளிப்பாட்டி, முடி வெட்டி, கழுத்துல நீல ரிப்பன் கட்டி உக்கார வச்சேன். போட்டோ எடுத்தேன். அதை எதுல போடறதுன்னு நமக்குள்ள சண்டை வந்துச்சு. நீங்க ஃபேஸ்புக்னீங்க, நான் இன்ஸ்டான்னேன். நிமிர்ந்து பார்த்தா மேஜை காலி.

– நாய் குளிப்பாட்டற கடை வச்சு நாயையே தொலைச்ச ஒரே ஆளுங்க நாமதான் அம்மாடி. அதுவும் யாரு நாயை? இந்தக் கடைக்கு ஓனரம்மாவோட நாயை!

– நாளையோட வாடகை ஒப்பந்தம் முடியுது. இன்னிக்கு அஞ்சு மணிக்கு வர்றேன், நாயையும் கூட்டிக்கிட்டு புதுப் பத்திரத்தையும் பேசிக்கலாம்னாங்க.

– கடை போச்சு. உங்க அண்ணன் அப்பவே சொன்னாரு, நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து நடத்தற கடை நாலு நாள் தாங்காதுன்னு. இனி அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?

– அவர் கிடக்கிறாரு விடுங்க. தெரு முழுக்க ஓடிட்டு வந்துட்டேன், மூச்சு வாங்குது. இனி ஒரே வழிதான். இன்ஸ்டால போட்டுடறேன்.

– இன்ஸ்டால என்ன கிடைக்கும்? உதட்டைக் குவிச்சுக்கிட்டு நிக்கற பொண்ணுங்கதான் கிடைக்கும். ஃபேஸ்புக்ல போடு. அங்கதான் மனுஷங்க இருக்காங்க.

– மனுஷங்க எங்க அண்ணி, எல்லாம் பெரியப்பாங்க!

– அந்தப் பெரியப்பாங்கதான் பொழுதன்னிக்கும் வாக்கிங் போறாங்க. நாய் அவங்க கண்ணுலதான் படும். உன் ஆளுங்க நடந்தாலும் போனைப் பார்த்துக்கிட்டேல்ல நடக்கறாங்க?

– சத்தியமா சொல்றேன், என்னோடதுலதான் கிடைக்கும். பந்தயமா?

– பந்தயம்! எதுல நாய் கிடைக்குதோ, இனிமே கடை விளம்பரம் அதுலதான். தோத்தவங்க ஒரு மாசத்துக்கு பெரிய பெரிய நாய்ங்களையா குளிப்பாட்டணும்.

– ஓனரம்மா பார்த்துட்டாங்கன்னா?

– அவங்க ரெண்டுலயும் இல்ல. போன்னா பேசறதுக்குன்னு சொல்ற ஆளு. அது ஒண்ணுதான் நம்ம நல்ல காலம்.

– ரெண்டு பேரும் போட்டு ஒரு மணி நேரமாச்சு. நீங்க என்ன எழுதியிருக்கீங்க, படிங்க.

– ‘அன்பார்ந்த உறவுகளே, நட்புகளே! எங்கள் கடைக்குக் குளிக்க வந்த செல்லப்பிள்ளை பஞ்சு, வயது மூன்று, வெள்ளை நிறம், நல்ல குணம், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை...’

– அண்ணி, நாயைத் தேடறீங்களா, மாப்பிள்ளை தேடறீங்களா?

– உன்னோடதைக் காட்டு. ஐயய்யே! வெள்ளை நாய் எதுக்குடி ரோஸ் கலர்ல இருக்கு?

– அது ஃபில்டர்.

– நாய்க்குத்தான் ஏற்கனவே ரெண்டு காது இருக்கே, அதுக்கு மேல எதுக்கு இன்னும் ரெண்டு?

– அழகுக்கு அண்ணி.

– நாய் தொலைஞ்ச வீடியோவுக்குக் குத்துப்பாட்டு வேற!

– இப்ப அந்தப் பாட்டுதான் ஓடுது. அதைப் போட்டாதான் நாலு பேர் பார்ப்பாங்க. நீங்க உங்க பக்கத்தைப் பாருங்க, யாராவது பதில் போட்டாங்களா?

– அடேயப்பா, ஒரு மணி நேரத்துல பதினெட்டு கமெண்ட்! முதல் ஆளு... ‘ஆழ்ந்த இரங்கல்’.

– ஐயோ, நாய் சாகலைன்னு போடுங்க!

– அடுத்தது, ‘இனிய வாழ்த்துகள், பல்லாண்டு வாழ்க’. இது உங்க மாமா. படத்தைப் பார்த்ததும் வாழ்த்திட்டாரு, படிக்கறதெல்லாம் அவருக்கு ஆகாது.

– அப்புறம்?

– என்கூட ஆறாவது படிச்சவ ஒருத்தி. ‘அடையாளமே தெரியலையே, இப்படிக் குண்டாயிட்ட’ன்னு போட்டிருக்கா. நாய் படத்துக்குக் கீழ!

– ஐயோ அண்ணி, வயிறு வலிக்குது...

– சிரிக்காத! எனக்கு உள்ளுக்குள்ள பயம் பிடுங்குது, வெளியில சிரிப்பு வருது, என்ன ஜென்மமோ நான். உன்னோடதைச் சொல்லு.

– நாலாயிரம் பேர் பார்த்திருக்காங்க! அறுநூறு ஹார்ட்டு!

– நாய்?

– ரிப்பன் எங்க வாங்கினீங்கன்னு முப்பது பேர் கேட்டிருக்காங்க.

– நாய்?

– ஒரு ஷாம்பு கம்பெனிக்காரங்க நம்மகூட சேர்ந்து வீடியோ பண்ணலாமான்னு...

– நாயைச் சொல்லுடி!

– நாயைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலை.

– நாலாயிரம் பேருன்னா எட்டாயிரம் கண்ணு. ஒரு கண்ணுலகூடவா அவன் படலை?

– அண்ணி, அழறீங்களா?

– அழலை. சோப்புத் தண்ணி. சரி, அழறேன்தான். கடைக்கு இடம் தேடி எத்தனை கட்டடம் ஏறி இறங்கினோம்! நாய்னதும் கதவைச் சாத்தினாங்க. இந்தம்மா ஒருத்திதான் சிரிச்சுக்கிட்டே சாவியைக் கொடுத்தாங்க. அவங்க பிள்ளையைத் தொலைச்சுட்டு நிக்கறேனே.

– கிடைச்சுடுவான் அண்ணி. போன் அடிக்குது பாருங்க, எடுங்க, எடுங்க!

– ஹலோ... ஆமாங்க... வெள்ளைதாங்க... பெட்ரோல் பங்க்குக்கு எதிர்க்கடை... கையோட தூக்கிட்டு வந்துடுங்க, புண்ணியமாப் போகும்... அம்மாடி! ரிட்டயர்டு தபால்காரராம். ஃபேஸ்புக்ல பார்த்தாராம். பூங்கா பெஞ்சுக்குக் கீழ படுத்திருந்தானாம்!

– உங்க பெரியப்பாங்க ஜெயிச்சுட்டாங்களா? ஐயோ, நான் ஒரு மாசம் பெரிய நாய் குளிப்பாட்டணுமா! பரவால்ல, கடை பிழைச்சுது. அதோ அவர்தானே? சைக்கிள் கூடைக்குள்ள தலை தெரியுது!

– ஐயா, ரொம்ப நன்றிங்க, உக்காருங்க... பார்த்தியா, ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டாரு மனுஷன். இப்ப சொல்லு, எது பெரிசு?

– அண்ணி, ரிப்பன் எங்க?

– அவுந்து விழுந்திருக்கும்.

– குளிச்சு நாலு மணி நேரம் ஆகலை, அதுக்குள்ள இவ்வளவு அழுக்கா?

– பெஞ்சுக்குக் கீழ பட்டுக்கம்பளமா விரிச்சிருப்பாங்க? குழாயைத் திற, மணியாகுது. ம், நல்லாத் தேய். ஏய், வேலையைப் பாதியில விட்டுட்டு எங்க போற?

– யாரோ கதவைத் தட்டறாங்க... அண்ணி, மூணு காலேஜ் பொண்ணுங்க. இன்ஸ்டால பார்த்தாங்களாம். பஞ்சுவைத் தூக்கிட்டு வந்திருக்காங்க.

– எந்தப் பஞ்சுவை? பஞ்சு இங்க தொட்டிக்குள்ள இருக்கான்!

– அதான் எனக்கும் புரியலை. ‘தேங்க்யூக்கா’ன்னு என்னைக் கட்டிப்பிடிச்சு, செல்ஃபி எடுத்து, என் கையில திணிச்சுட்டுப் போயிட்டாங்க. இந்தாங்க, பாருங்க.

– கடவுளே, ஒண்ணுக்குத்தானே அழுதேன், ரெண்டா கொடுத்துட்டியே!

– என்னோடதுதான் அசல். கண்ணைப் பாருங்க, அப்படியே பஞ்சு.

– முகஜாடை என்னோடதுக்குத்தான். எதுக்குச் சண்டை? பேர் சொல்லிக் கூப்பிடு.

– பஞ்சு! ஐயோ, ரெண்டும் வாலாட்டுது. வேற ஏதாவது பேர் சொல்லிப் பாருங்க.

– டேய், கத்தரிக்கோல்!

– அதுக்கும் ரெண்டும் ஆட்டுது அண்ணி.

– மணி நாலே முக்கால். ரெண்டுக்கும் நீல ரிப்பன் கட்டு. வளர்த்தவங்களுக்குத் தெரியாதா, அவங்களே கண்டுபிடிச்சுப்பாங்க.

– எதை முதல்ல நீட்டறது?

– முதல்ல வந்தது என்னோடது.

– லைக் அதிகம் என்னோடதுக்கு.

– ஷ்! கார் நிக்குது. அவங்கதான். சிரி. ரொம்பச் சிரிக்காத. வாங்க மேடம், வாங்க.

– என்னம்மா, ரெண்டு பேருக்கும் இப்படி வேர்த்து வடியுது? இந்தாங்க பத்திரம். மூணு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டே கொண்டுவந்துட்டேன். என் குழந்தையை அவ்வளவு அழகாக்கி வச்சிருந்தீங்க, உங்களுக்குக் கொடுக்காம யாருக்குக் கொடுப்பேன்?

– மேடம்... ரொம்ப சந்தோஷம் மேடம்... இந்தாங்க, உங்க பஞ்சு.

– அண்ணி, இருங்க! அதில்ல மேடம், இதுதான் பஞ்சு. இல்ல... ரெண்டும் பஞ்சு மாதிரிதான் மேடம்.

– என்னம்மா உளர்றீங்க? அவன் மத்தியானத்துல இருந்து என் வீட்டு சோபாவுல தூங்கறான். இந்தப் பக்கமா வந்தவ, ‘இப்பவே தூக்கிட்டுப் போறேன்’னு உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டுத்தானே போனேன், போனை விட்டுக் கண்ணெடுக்காம ரெண்டு பேரும் ‘ம்’னீங்களே... ஆமா, இது ரெண்டும் யாரு பெத்த பிள்ளைங்க?