கண்ணீரம்மாவின் கன்னம்

— மொதல்ல அந்தத் துணிய எடுங்க.

— எந்தத் துணிய?

— மேசை மேல எதையோ மூடி வெச்சிருக்கீங்களே, அதத்தான். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற ஆளாச்சே நீங்க.

— இங்க பாரு, மியூசியம் பட்டறைக்குள்ள வெளியாளுங்க வரக்கூடாது.

— இத்தன வருஷம் குடும்பம் நடத்தினவ வெளியாளா? வாசல்ல காவலாளி அண்ணன் சொல்லிட்டாரு. கண்ணீரம்மா சிலை கையில இருந்து உடைஞ்சுபோன கல்லுப் பிள்ளை கெடச்சிருச்சாம், நாளைக்கு என் வீட்டுக்காரரு ஒட்டப் போறாராம். ஊருக்கே தெரியுது, பொண்டாட்டிக்குத் தெரியல.

— அதாவது... கிடங்குல, உடைஞ்ச கல்லுங்களோட கெடந்துச்சு. மழைக்காலத்துலயே எடுத்துட்டேன். போன வாரந்தான் மியூசியம் டைரக்டர் கண்ணுல பட்டுச்சு.

— மழைக்காலத்துலயா! வாயே தொறக்கலியே நீங்க?

— எப்படிச் சொல்றது? நீ தெனமும் சாயங்காலம் அவ முன்னாடிதானே போய் நிக்கிற.

— நான் மட்டுமா? பிள்ளையப் பறிகொடுத்தவங்க எங்கெங்கயோ இருந்து வர்றாங்க. இந்த மியூசியத்துல தொட விடுறதே அவள ஒருத்தியத்தான். அந்த வெறுங்கையப் பாக்குறோம், கன்னத்துக் கண்ணீரத் தொடச்சு விடுறோம், போறோம். நம்ம பாப்பா போய் ஒரு வருஷங்கூட ஆகல, அதுக்குள்ள எங்க அண்ணி 'இன்னும் எத்தன நாளைக்கு அழுவ'ன்னு கேக்குறாங்க. ரெண்டாயிரம் வருஷமா அழுறவ அப்படிக் கேக்க மாட்டா.

— அவ அழலம்மா.

— என்ன பேச்சு இது? துயரம்னா இந்த முகந்தான்னு பாடப்புத்தக அட்டையிலயே போட்டிருக்கான்!

— அது கண்ணீர்த் தடமே இல்ல. கல்லு பேந்த தழும்பு. அந்த எடத்துல ஏதோ ஒட்டியிருந்து உடைஞ்சிருக்கு. அதத்தான் எல்லாரும் கண்ணீருன்னு தொடச்சுக்கிட்டிருந்தோம்.

— பூசி மெழுகாதீங்க. என்ன ஒட்டியிருந்துச்சு?

— இரு, துணிய எடுக்கிறேன். நீயே பாரு.

— ஐயோ... எவ்வளவு சின்னக் கை.

— அந்தக் கை அவ கன்னத்துல அச்சா உக்காருது. அவ சும்மா உதட்டப் பிதுக்கி அழுற மாதிரி நடிக்கிறா. பிள்ளை தொடச்சு விடுது. அது மொகத்தப் பாரு, சிரிப்பு தாங்கல அதுக்கு. அம்மா நடிக்கிறான்னு தெரிஞ்சுபோச்சு.

— நம்ம பாப்பா மாதிரியே.

— ஆமா. நீ பொய்யா அழுதா எங்க இருந்தாலும் ஓடி வருவா, ரெண்டு கையாலயும் தொடைக்க.

— மூக்கையும் சேத்துத் தொடைப்பா, கழுத.

— ஒரு தடவ பொருத்திப் பாத்தேன். பிள்ளைய வெச்சதும் அவ மொகமே மாறிப்போச்சு. சந்தோஷம்னா அப்படியொரு சந்தோஷம். என்னால பாக்க முடியல. எடுத்து மூடிட்டேன்.

— அப்ப ஒட்டாதீங்க. நாளைக்கு நாங்க போய் நிக்கும்போது அவ விளையாடிக்கிட்டிருப்பா. எங்களுக்கு வேற யாரு இருக்கா?

— நீ ஒரு வார்த்த சொல்லு. பொருந்தலன்னு சொல்லிடுறேன். என் வேலையில இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல. உனக்காகச் சொல்றேன்.

— இப்படிக் குடுங்க அத.

— பாத்து. கல்லு, கனக்கும்.

— பெத்தவளுக்குத் தூக்கத் தெரியாதா? இந்தா, இடுப்புல எப்படி உக்காந்துக்கிச்சு பாருங்க.

— போதும்மா. கை வலிக்கும், குடு.

— இருங்க. எந்தக் கிடங்கு? எங்க கெடந்துச்சு இது?

— அவ நிக்கிற கூடத்துக்கு நேர் கீழ.

— நேர் கீழயா? மேல அவ வெறுங்கையோட... கீழ இருட்டுல இது சிரிச்சுக்கிட்டே...

— அழாத. சொல்லு, பொருந்தலன்னு சொல்லிடட்டுமா?

— வேண்டாங்க. கொண்டுபோய் அவ கையில குடுத்துடுங்க. எங்க ரெண்டு பேர்ல ஒருத்தியோட அழுகையாவது பொய்யா இருந்துட்டுப் போகட்டும்.