சிம்ம ராசி நேயர்களுக்கு

எங்கள் குப்பத்தில் மீன ராசிக்காரர்கள் சோம்பேறிகள் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. அவர்கள் ராசி கடைசியில் வருகிறது, அவ்வளவுதான்.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். ஊர்ப் பெரியவர்கள் கேட்டால் எழுதத்தான் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் காகிதம் நாளைக்குப் பொன்னேரி வரைக்கும் போனாலும் போகும். அங்கே இருப்பவர்களுக்கு ஏரியும் தெரியாது, எங்கள் டிவியும் தெரியாது.

பெயர் லோகேஷ். சின்னதம்பி மகன். பொன்னேரியில் பி.காம். மூன்றாம் வருஷம். காலேஜுக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஐந்தரையிலிருந்து ஏழு வரை, பழவேற்காடு கடைத்தெருவில் ஷாகுல் ஹமீது பாய் வைத்திருக்கும் கேபிள் ஆபீசில் வேலை. முகத்துவாரம் டிவி அங்கிருந்துதான் போகிறது. ஆறு மணிக்கு ‘விடிஞ்சா தெரியும்’ நிகழ்ச்சி. பொன்னேரி ஜோதிடர் ஆதிகேசவன் பன்னிரண்டு ராசிக்கும் பலன் சொல்வார். பதினோரு வருஷப் பழக்கம். தன் ராசியைக் கேட்காமல் குப்பத்தில் ஒருத்தரும் வாசல் தாண்டுவதில்லை. மேஷக்காரர்கள் ஆறு ஐந்துக்கெல்லாம் கரையில் நிற்பார்கள். மீனம் வருவதற்குள் ஜவுளிக்கடை விளம்பரம், ஐஸ் கம்பெனி விளம்பரம், யார் வீட்டுப் பிள்ளைக்கோ காதுகுத்து வாழ்த்து எல்லாம் வந்து போய்விடும்.

பாய்க்கு இதில் நம்பிக்கை கிடையாது. “நான் நம்பலடா, விளம்பரம் குடுக்கறவன் நம்பறான்” என்பார்.

என் நைனா மீன ராசி.

ஏரியில் மீன் நன்றாக விழும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு பேர் என்று பட்டியல் போட்டு, முறை வைத்துப் போகிறோம். ஆறே முக்காலுக்குக் கரையில் பேர் கூப்பிடுவீர்கள். ஆள் இல்லாவிட்டால் அன்றைய முறை அடுத்த பேருக்குப் போய்விடும். மூன்று முறை தவறினால் அந்த வருஷத்துக்குப் பேரே கிடையாது. நல்ல ஏற்பாடு. நான் அதைக் குறை சொல்லவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நைனா மூன்று முறை தவறினார். மூன்று நாளும் மீனம் ஆறு ஐம்பதுக்குத்தான் வந்தது. மூன்றாவது நாள் ஓடி வந்து மூச்சு வாங்க நின்றவரைப் பார்த்து முத்துராஜ் மாமா சொன்னார்: “இன்னா சின்னதம்பி, உன் ராசி வர்றதுக்குள்ள மீனுக்குப் பேரன் பொறந்துடுச்சே.” கரையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், ஏனென்றால் அது நல்ல நகைச்சுவை. நைனா மட்டும் வலையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்த வருஷம் முழுக்க அடுத்தவன் படகில் கூலிக்குப் போனார். அப்போது யாரும் யாரிடமும் எழுதிக் கேட்கவில்லை.

போன வருஷம் ஆடியில் ஆதிகேசவன் ஐயா மகன் வீட்டோடு இருக்கலாம் என்று பெங்களூர் போய்விட்டார். பாய் ஆடிப்போனார்.

“நாளைக்கு ஆறு மணிக்கு இன்னாடா போடறது?”

“பழசைப் போடலாம் பாய். கம்ப்யூட்டர்ல பதினோரு வருஷத்துது கெடக்குது.”

“கண்டுபுடிச்சிட்டா?”

“கண்டுபுடிக்கட்டும் பாய்.”

கண்டுபிடிக்கவில்லை. ஐயா ஒரு மாதத்துக்கானதை ஒரே உட்காரலில் பேசி முடிப்பவர், அதனால் தேதி சொல்லும் வழக்கமே அவருக்கு இல்லை. நடுவில் விளம்பரம் போட வசதியாக ராசிக்கு ஒரு துண்டாக வெட்டி வைத்திருந்தோம். எந்தத் துண்டையும் எந்த நாளிலும் போடலாம். இரண்டாவது வாரம் நண்டு விற்கும் இருசம்மாள் என்னிடமே சொன்னது: “இப்பல்லாம் அந்த ஐயா கரெக்டா சொல்றாருடா.”

முதல் மாதம் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். அப்புறம் ஒருநாள் மீனத்தை முதலில் போட்டு, மேஷத்தைக் கடைசிக்குத் தள்ளினேன். இதில் என்ன பாவம் என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று ஏழு மணிக்கு மேஷ ராசிக்காரர்கள் ஒன்பது பேர் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார்கள். உலகம் மேஷத்தில்தான் ஆரம்பிக்கிறதாம். பாய் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். “வரிசைல கை வெச்சே, ஒன் கைய வெச்சிப்பேன்.”

வரிசையில் நான் அப்புறம் கை வைக்கவே இல்லை. விளம்பரங்களை மட்டும் மீனத்துக்குப் பின்னால் நகர்த்தினேன், ஆறரைக்கெல்லாம் மீனம் வந்துவிடும்.

இந்த வருஷப் பட்டியலில் முத்துராஜ் மாமா பேருக்கு அடுத்த பேர் எங்கள் நைனாவுடையது. மாமா சிம்ம ராசி. இதை நான் தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. அவர் தினமும் கரையில் கத்திச் சொல்வார்.

காலேஜில் எதையும் சோதித்துப் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஒருநாள் சிம்மத்துக்கு, பச்சை நிறம் நன்மை தரும் என்ற துண்டைப் போட்டேன். காலேஜுக்கு லீவு போட்டுவிட்டுக் கரைக்குப் போனேன். பச்சைச் சட்டையில் நாலு பேர், பச்சை லுங்கியில் ஒருத்தர். முத்துராஜ் மாமாவிடம் பச்சையில் துணி எதுவும் இல்லை போல. பச்சை நைலான் வலையில் ஒரு துண்டு கிழித்துத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, கொஞ்சமும் சிரிக்காமல் நின்றார். அந்தத் தலைப்பாகையில் ஒரு குட்டி இறால் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. இவ்வளவு நம்பிக்கை உள்ள மனிதரை வீணாக்கக் கூடாது.

மாமாவின் முறை வந்த நாளில் சிம்மத்துக்கு வேறு ஒரு துண்டு போட்டேன். “சிம்ம ராசி நேயர்களே, இன்று உங்களுக்கு ஜலகண்டம். நீர்நிலைப் பக்கம் போகவேண்டாம். வாசல்படி தாண்டாமல் இருப்பது உத்தமம்.” இது முழுக்க ஆதிகேசவன் ஐயா சொன்னது. என் வார்த்தை ஒன்றுகூட இதில் கிடையாது. அவர் சொன்ன நாள் வேறு, அவ்வளவுதான் வித்தியாசம். கண்டத்துக்கு நாள் கணக்கு உண்டா என்று எனக்குத் தெரியாது, நான் ஜோதிடம் படித்தவனில்லை.

மாமா வரவில்லை. நைனா போனார். சாயங்காலம் கூடை நிறைய மடவை மீன் கொண்டுவந்தார். அன்றிலிருந்து நைனா ராசிக்கு நல்ல துண்டாகப் பொறுக்கிப் போட்டேன். ஐம்பத்திரண்டு வயதுக்கு மேல் ஒரு மனிதர் விசில் அடிக்கக் கற்றுக்கொண்டார். பெற்றவருக்கு இதுகூடச் செய்யாவிட்டால் படித்து என்ன பிரயோஜனம்.

அடுத்த முறைக்கும் அதே துண்டுதான். அன்று மாலா அத்தை, மாமாவின் சம்சாரம், அவருக்குப் பதிலாகக் கரைக்கு வந்து கை தூக்கியது. “அந்தாளு டிவிய பாத்துனு குந்திக்கினுகீறாரு. நான் போறேன், வல கட்ட எனக்குத் தெரியும்” என்றது. தலைக்கட்டுதான் வரணும் என்று நீங்கள் அனுப்பிவிட்டீர்கள். சட்டத்தை நான் எழுதவில்லை.

மூன்றாவது முறைக்கு முந்தின சாயங்காலம் மாமா ஆபீசுக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். கேபிள் ஆபீசுக்கு யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

“லோகேசு, அந்த ஐயாவ ஒரு தபா பாக்கணும்டா.”

“அவரு வர்றதில்ல மாமா. போன்லயும் புடிக்க முடியாது.”

“நாளைக்கும் வர்லன்னா பேரு பூடும். நந்தினி பன்னெண்டாவது படிக்குது, அத மேல படிக்க வைக்கணும். எதுனா பரிகாரம் இருந்தா சொல்லச் சொல்லு. மொட்டை போடச் சொன்னாலும் போட்டுக்கறேன்.”

“நாளைக்குக் காலைல பாருங்க மாமா. சொன்னாலும் சொல்லுவாரு.”

இதிலும் நான் பொய் சொல்லவில்லை. காலையில் பார்த்தார். ஜலகண்டம். வாசல்படி தாண்டாமல் இருப்பது உத்தமம்.

பேர் போனது. மாமா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். கேட்டைத் தாண்டாமல் உட்கார்ந்திருக்கும் வேலை. அவருக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே வந்திருந்தது.

ஆதிகேசவன் ஐயாவுக்கு மருமகள் சமையல் ஒத்துவரவில்லை. போன மாதம் பொன்னேரிக்கே திரும்பிவிட்டார். ஒருநாள் நண்டு வாங்கப் பழவேற்காட்டுக்கு வந்தவரை இருசம்மாள் பிடித்துக்கொண்டது.

“நேத்து சொன்னது அப்டியே பலிச்சுது சாமி.”

“நான் ஒண்ணும் சொல்லலியேமா. பேசி ஒரு வருஷம் ஆவுது.”

“டிவில பாத்தோம் சாமி. உங்களுக்கு மறந்துருக்கும்.”

ஐயா ராசி தனுசு. கையிலிருந்த நண்டைத் திரும்பக் கூடையில் வைத்தாராம். அப்புறம் மெதுவாகக் கேட்டாராம்: “தனுசுக்கு இன்னா சொன்னேன்?”

விஷயம் அதோடு போயிருக்கும். ஆனால் முத்துராஜ் மாமா மகள் நந்தினி பக்கத்தில் நின்றிருந்தது. ஜலகண்டத் துண்டில் ஐயாவின் மூக்கில் ஒரு ஈ வந்து உட்காரும். இடது கையால் விரட்டுவார், அது காதுக்குப் போகும். பேர் கூப்பிட்ட மூன்று காலையிலும் அந்த வீட்டில் எல்லாரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்ததால், ஈயை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். ஊர்க் கூட்டத்தில் நந்தினி எழுந்து நின்று, “மூணு தபாவும் அதே ஈ, அதே மூக்கு, அதே காது” என்று சொன்னபோது, இந்தப் பெண்ணைக் கட்டாயம் மேலே படிக்க வைக்க வேண்டும் என்று நானும் நினைத்தேன். பாய் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். நான் மறுக்கவில்லை.

நீங்கள் மூன்று முடிவு எடுத்தீர்கள். முத்துராஜ் மாமா பேர் திரும்பப் பட்டியலில் ஏறும், இந்த வெள்ளிக்கிழமையே முறை. அதையும் தவறவிட்டால் புதுப் பட்டியல் போடும் தை வரைக்கும் பேச்சே இல்லை. இது ஒன்று. ஆதிகேசவன் ஐயா இனி ஆபீசுக்கே வந்து நேரலையில் பேச வேண்டும். இது இரண்டு. லோகேஷ் மிஷினைத் தொடக்கூடாது. இது மூன்று. நிகழ்ச்சியையே நிறுத்திவிடலாம் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

மூன்றையும் மதிக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை. காலையில் நான் மிஷினைத் தொடவில்லை, பாயைக் கேட்டுப் பாருங்கள். ஐயா வந்தார், உட்கார்ந்தார், பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். பதினோரு வருஷமாக அவர் பலன் சொன்னது அதிலிருந்துதானாம். ராசிக்கு ஒரு வார்த்தை போட்டிருக்கும். அந்த ஒரு வார்த்தையை மூன்று நிமிஷம் விரிப்பதுதான் அவர் வித்தை. இப்போது கண் மங்கிவிட்டது.

“படிச்ச புள்ளதானே, பக்கத்துல குந்தி ஒவ்வொண்ணா சொல்லுப்பா” என்றார்.

குந்தினேன். விளம்பர இடைவெளியில் காதோடு சொன்னேன். மேஷம், வரவு. ரிஷபம், அலைச்சல். மிதுனம், கடகம் எல்லாம் உள்ளபடியே சொன்னேன். சிம்மம் வந்தது.

“பயம்” என்றேன்.

“எதுல பயம்?”

“தண்ணில, ஐயா.”

அதை அவர் விரித்த அழகை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கன்னி ஓடிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மாலா அத்தை. “இந்தாளு நகர மாட்டன்றாருடா. இப்ப நேர்ல சொல்றாராம், ஈ இல்லியாம், அதனால நெசமாம். ஒரு வார்த்த மாத்தி சொல்லச் சொல்லுடா, ஒனக்குப் புண்ணியமா போவும்.”

“நேரலைல மாத்த முடியாது அத்தை” என்றேன். நேரலை வேண்டும் என்று கேட்டது நானில்லை.

ஆறு ஐம்பதுக்கு நைனா பேசினார்.

“டேய், முத்துராஜ் வர்லடா. என் பேரக் கூப்டாங்க. நான் இன்னும் கைய தூக்கல. அவனுக்கு இன்னா சொன்னாரு?”

“தண்ணில பயம்னாரு.”

“நீ எதுனா...”

“நான் மிஷின தொடல நைனா.”

கரையில் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. நைனா நல்ல மனிதர், கை தூக்க யோசித்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

“மீனத்துக்கு இன்னா சொன்னாரு? பாதிலயே எழுந்து வந்துட்டேன்.”

“தொட்டது துலங்கும்னாரு.”

“அப்ப சரி” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்தக் காகிதத்தை வியாழக்கிழமைக்குள் கேட்டிருந்தீர்கள். படகு போன பிறகு எழுதி முடித்ததால் ஒருநாள் தாமதம், மன்னிக்கவும். கண் தெரியாத பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டியதைத் தவிர இன்று நான் எதுவும் செய்யவில்லை. எழுத்து மிகப் பொடியாக இருந்தது. நான் படித்ததில் சந்தேகம் இருந்தால் அதே காலண்டர்தான் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது, டிவி இருப்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. இன்றைய தாளைக் கிழிப்பதற்கு முன் ஒரு தடவை பாருங்கள். சிம்மத்துக்கு லாபம் என்று போட்டிருக்கிறது.