கல்லில் ஏழாவது பெயர்

மேடையின் நடுநாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் எங்கள் தெருச் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் உஸ்தாத் ரிஃபாத் அவர்களே! முன்வரிசையில் கைத்தடியைத் துப்பாக்கி போலப் பிடித்திருக்கும் பெரியவர்களே! குண்டு மழைக்கு நடுவே குடம் சுமந்த தாய்மார்களே! கடலிலிருந்து நேராக இங்கே வந்துவிட்ட மீனவத் தோழர்களே (நீங்கள் வந்ததை யாரும் சொல்லவேண்டியதில்லை, காற்றே சொல்லிவிட்டது)! கால்வாய்க் கரையில் பிறந்து, கலக்கம் என்றால் என்னவென்றே அறியாத சூயஸ் நகரத்துச் சொந்தங்களே! பின்வரிசையில் பூசணி விதை கொறித்தபடி, 'இவன் எப்போது முடிப்பான்' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் வாலிபச் சிங்கங்களே! மூன்றாம் வரிசையில், அப்பா உளறாமல் இறங்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருக்கும் என் நான்கு மகள்களே! உங்கள் அனைவர் மீதும் அமைதி பொழியட்டும் என்று வாழ்த்தி, அடுப்புக்காரன் ஷிஹாத்தா பேசத் தொடங்குகிறேன்.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்பு வரைதான். அதற்குமேல் நான் போகவில்லை என்று சொல்வது தவறு. பள்ளிக்கூடம்தான் என்னைப் போகவிடவில்லை. எனவே பேச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தலைவர் அவர்கள் மட்டும் பொறுக்க வேண்டாம். என்னை வெளியே அனுப்பிய ஆசிரியரே அவர்தான்.

இதோ, என் பின்னால் பச்சைத் துணி போர்த்திய பளிங்குக் கல் நிற்கிறது. போர்க்காலத்தில் இந்தத் தெருவுக்குத் தொண்டு செய்தவர்கள் பன்னிரண்டு பேருடைய பெயர்கள் அதில் உள்ளன. அழைப்பிதழைப் பிரித்துப் பாருங்கள். ஏழாவது பெயர் யாருடையது? என்னுடையது! 'குண்டுகளுக்கு நடுவே உணவு சுமந்த வீரர் ஷிஹாத்தா.' அச்சில் பார்த்தபோது எனக்கே என்மீது மரியாதை வந்துவிட்டது. என் மனைவி அன்று ஒருநாள் மட்டும் எனக்கு முதலில் சோறு வைத்தாள்.

அந்த ஏழாவது பெயரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். துணி விலகுவதற்குள் பேசியாக வேண்டும். தலைவர் அவர்களே, மணிமேல் வைத்த கையை எடுங்கள்!

போர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது என்ன? பீரங்கி, படைத்தலைவர், மார்பு நிறையப் பதக்கம். நான் கேட்கிறேன்: குழாய் வறண்டபோது கிணறு தேடித் திரிந்தவன் மார்பில் எந்தப் பதக்கம் தொங்கியது? உப்புத் தண்ணீரில் இரத்தத் துணி துவைத்தவளுக்கு எந்த வாத்தியம் முழங்கியது? நூறு நாள் முற்றுகையில் நொறுங்காமல் நின்றது நம் சுவர்களா? சுவரெல்லாம் முதல் நாளே விழுந்துவிட்டதே! நின்றவர்கள் மனிதர்கள். நெய் வாங்கவும், நூல் வாங்கவும், சண்டை போடவும் தெருவில் இறங்குகிற நம்மைப் போன்ற மனிதர்கள்.

அன்றைக்கு ரமலான் இருபத்தெட்டு. எழுபத்து மூன்றாம் ஆண்டுப் போரில் எதிரியின் டாங்கிகள் ஊருக்குள் நுழைந்த நாள். அந்த நாளில், தெருவே மாவு கொண்டுவந்து சுட்டுப்போகும், நான் வேலை பார்த்த அடுப்புக்கூடத்தில் என்ன இருந்தது? தாய்மார்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். பெருநாளைக்கு இரண்டு நாள் முன்பு எந்த அடுப்பில்தான் கஹ்க் இருக்காது? நெய்யில் மாவு பிசைந்து, உள்ளே பேரீச்சை வைத்து, மேலே இடுக்கியால் பூவரி கிள்ளி, தகரத் தட்டில் அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டு வருவார்களே! அந்த ஆண்டு ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. இருந்தும் நான்கு தட்டு வந்துவிட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடையாளம். ஒன்றில் கீறல், ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் மடக்கிய ஓரம். இன்னொன்றின் மூலையில் மூன்று ஆணித் துளை. தட்டு மாறினால் என்ன நடக்கும் என்பதை விளக்கவேண்டுமா? போர் எல்லையில்தான் நடக்கும் என்று யார் சொன்னது?

அந்த மூன்று ஆணித் துளைத் தட்டின் சொந்தக்காரி இங்கே இருக்கிறார். நான்காம் வரிசை, தூணுக்குப் பக்கத்தில், மடியில் பொட்டலம் வைத்திருக்கிறாரே, அவர்தான். இன்ஸாஃப் அக்கா.

"என்னை எதுக்குடா இழுக்கற? பேசிட்டு இறங்கு!"

கேட்டீர்களா? ஒலிபெருக்கியே தேவையில்லை.

என்ன சொன்னேன்? ஆமாம், நான்கு தட்டும் அடுப்புக்குள். அபாயச் சங்கு அலறியது. வானம் வெடித்தது, வாசல் அதிர்ந்தது. அடுப்பு முதலாளி அதற்கு முந்தின வாரமே வெளியூர் போய்விட்டார். எஞ்சியிருந்தது யார்? இருபத்து மூன்று வயது இளங்காளை, ஷிஹாத்தா! நரம்பு முறுக்கேறிய ஷிஹாத்தா! நாடு அழைத்த அந்த நேரத்தில் ஷிஹாத்தா என்ன செய்தான்?

மாவுத் தொட்டிக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டான்.

சிரிக்கலாம், சிரிக்கலாம். என்ன தம்பி? காலித் தொட்டியா என்றா கேட்கிறாய்? இல்லை, பாதி மாவு இருந்தது. அதனால்தான் கொஞ்சம் சொகுசாக இருந்தது.

நஜ்லா, என் கடைக்குட்டி, தலையைக் குனியாதே அம்மா. 'என் அப்பா ஒரு வீரர்' என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பேனா பரிசு வாங்கிய பெண் இவள். அந்தக் கட்டுரையில் மாவுத் தொட்டி வரவில்லை. இவள் மறக்கவில்லை, நான்தான் சொல்லவில்லை. உன் பேனாவுக்கு முன்னால் இன்று உண்மையைச் சொல்கிறேன், கேள்.

தொட்டிக்குள் நான் அறிந்த துதியெல்லாம் ஓதி, அறியாததையும் ஓதத் தொடங்கிய நேரம். வெளியே ஒரு குரல்.

"டேய் ஷிஹாத்தா! என் தட்டு எங்கடா?"

மூக்கில் மாவு ஏறித் தும்மிவிட்டேன்.

"தும்முற சத்தம் கேட்டுச்சு. தொட்டிக்குள்ளதான இருக்க?"

"அக்கா, டாங்கி வந்திருச்சு அக்கா!"

"டாங்கி வந்தா உன் அடுப்புக்கு லீவா? கஹ்க் கருகுற வாசனை தெருமுனை வரைக்கும் வருது. வெளிய வாடா!"

"வெளிய வந்தா செத்துருவேன்க்கா."

"உள்ள இருந்தா நான் கொன்னுருவேன். எது வேணும்னு நீயே சொல்லு."

பெருமக்களே, இரண்டு அபாயத்தையும் சீர்தூக்கிப் பார்த்தேன். டாங்கி தொலைவில் இருந்தது. வெளியே வந்தேன்.

தலையிலிருந்து கால்வரை மாவு. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முன்னாடி போய் நில்லு. உன்னப் பாத்தாலே ஓடிருவானுங்க" என்றார்.

கருகுவதற்குள் தட்டுகளை இழுத்துப் போட்டேன். அப்போதுதான் தெருவில் ஓடிய ஒருவர் கத்திவிட்டுப் போனார்: ஆஸ்பத்திரி முழுக்கக் காயம்பட்டவர்கள், நேற்றிலிருந்து அங்கே ரொட்டித் துண்டுகூட இல்லை. அக்கா நான்கு தட்டையும் ஒருமுறை எண்ணினார். பிறகு தலைச்சும்மாடு கட்டினார்.

"ரெண்டு எனக்கு, ரெண்டு உனக்கு. தூக்கு."

"பக்கத்து வீட்டுத் தட்டையும் எடுத்துட்டுப் போனா சண்டைக்கு வருவாங்களேக்கா?"

"வரட்டும். ஆனா ஒண்ணு, எது யாரோடதுன்னு அங்க சொல்லிடணும். செகப்பு நூல்காரி நெய்யக் கண்ணுலயே காட்டல. அதத் தின்னுட்டு இன்ஸாஃப் செஞ்சதுன்னு எவனாவது சொன்னான், அப்புறம் நான் ஊர்ல தலைநிமிர முடியாது."

நினைத்துப் பாருங்கள்! ஊர் எரிகிறது. உயிர் ஊசலாடுகிறது. அவருக்குக் கவலை நெய்!

ஆஸ்பத்திரிக்குப் போக அந்த அகலத் தெருவைக் கடக்கவேண்டும். ஒரு முனையில் ஒரு டாங்கி எரிந்துகொண்டிருந்தது. மறுமுனையிலிருந்து தோட்டாக்கள் சீறிக்கொண்டிருந்தன. பெண்களை முன்னே விட்டு நடப்பது பண்பாடு அல்லவா? அன்று அந்தப் பண்பாட்டை நான் நூற்றுக்கு நூறு கடைப்பிடித்தேன். அக்காவின் கறுப்புப் போர்வை நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"ஓடலாம்க்கா!"

"ஓடாத. ஓடினா பூவரி உடையும்."

நடந்தார். நான் பொய் சொல்லவில்லை, நடந்தார். காய்கறி வாங்கித் திரும்புகிறவர் போல, தலையில் இரண்டு தட்டோடு, தோட்டாக்களுக்கு நடுவே நிமிர்ந்து நடந்தார். பாதி வழியில் பக்கத்துச் சுவர் வெடித்துச் சரிந்தது. புழுதி கண்ணை மறைத்தது. புழுதிக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"உடைஞ்சிருச்சாடா?"

"தெரியலக்கா, கால்ல அடிபட்ட மாதிரி..."

"கால யாரு கேட்டா? கஹ்க்கு!"

ஆஸ்பத்திரி வாசற்படிக்கு வந்தோம். எல்லா அபாயத்தையும் கடந்த நான் படியில் தடுக்கினேன். பத்துப் பன்னிரண்டு கஹ்க் உருண்டன. அக்கா திட்டிக்கொண்டே குனிந்து பொறுக்கினார். அந்தச் சமயம் பார்த்து அங்கே ஒரு பத்திரிகைப் படக்காரர் நின்றார். படம் பிடித்துவிட்டார்!

அந்தப் படத்தை நீங்கள் அறிவீர்கள். என் கடைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. தலையில் தட்டு, முகத்தில் மாவு, வானை நோக்கிய பார்வை! 'புழுதி பூசிய புரட்சி வீரன்' என்று எழுதினார்கள். அது புழுதியில்லை, மாவு. வானை நோக்கியதும் வீரத்தால் இல்லை. மேலே ஏதாவது விழுகிறதா என்று பார்த்தேன். படத்தின் கீழ் ஓரத்தில் கறுப்பாக ஒரு துணி மூட்டை தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளாக நீங்கள் மூட்டை என்று நினைத்தது எது தெரியுமா? அதுதான் இன்ஸாஃப் அக்காவின் முதுகு!

(கை தட்டாதீர்கள். பேச்சு இன்னும் முடியவில்லை.)

உள்ளே போனோம். அக்கா சொன்னபடியே செய்தார். "இது செகப்பு நூல்காரியோடது, இது கீறல் வீட்டுது, இது என்னோடது" என்று ஒவ்வொரு கட்டிலிலும் அறிவித்துக்கொண்டே கொடுத்தார். ஒரு மூலையில் தெற்கத்திப் படைவீரர் ஒருவர், தோளில் பெரிய கட்டு. கஹ்க்கைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நோன்புக்கா. சூரியன் மறையல."

"இவ்வளவு ரத்தம் போயிருக்கு. படைச்சவனே உன்ன நோன்புல இருந்து விட்டுட்டான். நான் விடமாட்டேன். வாயத் திற."

அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். பூவரியை விரலால் தடவினார். நீண்ட நேரம் தடவினார். பிறகு கேட்டார்.

"இது யார் வீட்டு கஹ்க்குக்கா?"

நான் காத்திருந்தேன். 'என் வீட்டுது, நெய் போட்டது' என்று முழங்கப்போகிறார் என்று நினைத்தேன். தட்டு மாறினால் தெருவையே இரண்டாக்கும் இன்ஸாஃப் அக்கா, அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து மெல்லச் சொன்னார்:

"உன் வீட்டுதுடா. சாப்பிடு."

அவர் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அக்கா எந்தக் கட்டிலிலும் யாருடையது என்று சொல்லவில்லை.

ஆணித் துளைத் தட்டு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. நூறு நாளும் அதில்தான் கட்டுத் துணி சுமந்தார்கள். நூறு நாளும் அக்கா அங்கே போய்த் துணி துவைத்தார். போகும் வழியில் தினமும் என் கதவைத் தட்டி, "தட்டு வந்துச்சாடா? அடுப்பு மூட்டினியா?" என்று கேட்டார். அவர் கேட்டதனால் மூட்டினேன். ஊருக்கு ரொட்டி கிடைத்ததற்கு அதுவே காரணம். என் வீரம் மொத்தமும் அவ்வளவுதான்.

சங்கத்தில் இதை நான் சொல்லாமல் இல்லை. சென்ற மாதம் தலைவர் வீட்டுக்கே போனேன். "கல்லுல பன்னெண்டு பேருக்குத்தான் இடம். அந்தம்மாவுக்கு என்னப்பா ஆதாரம்? படத்துல நீதான இருக்க?" என்றார். அவர்மேல் குற்றமில்லை. படம் அப்படி. ஆனால் என்னால் தூங்க முடியவில்லை. நாளை என் பேரப்பிள்ளை அந்தக் கல்லைத் தடவிப் படிக்கும். நான் இருக்கமாட்டேன், திருத்திச் சொல்ல. பொய்யைச் சுவரில் மாட்டினால் கழற்றிவிடலாம். கல்லில் வெட்டினால்?

கல்லை வெட்டியவர் யார்? கல்கொத்தர் பக்கீத். பக்கீத் யார்? என் மூத்த மருமகன்! என் வாழ்வில் முதல்முறையாக மாமனார் என்ற அதிகாரத்தைப் பயன்படுத்தினேன். தலைவர் அவர்களே, உட்காருங்கள், கோபத்தை வீட்டுக்கு வந்து காட்டுங்கள், தேநீரோடு வாங்கிக்கொள்கிறேன். அழைப்பிதழில் இருப்பது வேறு. இந்தத் துணிக்குப் பின்னால், ஏழாவது வரியில் இருப்பது: இன்ஸாஃப். பெயருக்குப் பக்கத்தில், மூலையில், மூன்று புள்ளி. பெயர் பின்னால் மங்கினாலும் அந்த மூன்று துளையை இந்தத் தெருத் தாய்மார்கள் தடவியே தெரிந்துகொள்வார்கள்.

நஜ்லா, நிமிர்ந்துவிட்டாயா? சிரிக்கிறாயா, அழுகிறாயா? இரண்டுமா? போகட்டும். பேனா உன்னிடம்தான் இருக்கிறது. கட்டுரையை மறுபடி எழுது. மாவுத் தொட்டியையும் சேர்த்துக்கொள்.

"அதெல்லாம் இருக்கட்டும், என் தட்டு எங்கடா?"

கேட்டுவிட்டார்! இருபத்தைந்து பெருநாளாக இதே கேள்வி. அக்கா, தேடாத இடமில்லை. ஆஸ்பத்திரிப் பரண் வரை ஏறிப் பார்த்துவிட்டேன். உங்கள் தட்டை என்னால் திருப்பித் தர முடியவில்லை. என்னிடம் மாறி வந்துவிட்ட உங்கள் பெயரைத்தான் திருப்பித் தர முடிந்தது. வாங்கிக்கொள்ளுங்கள்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், பொறுக்காமல் கேட்ட வாலிபர்க்கும், மேடை தந்து வருந்தும் தலைவருக்கும் என் நன்றி. நம் வீடுகளில் அமைதியும், நம் அடுப்புகளில் நெருப்பும் என்றும் நிலைக்கட்டும். விடைபெறுகிறேன்.

தலைவர் அவர்களே, துணியை மட்டும் மெதுவாக இழுங்கள். ஏழாவது வரியில் பெயிண்ட் இன்னும் காயவில்லை.